கார் இன்ஜின் எஃபிஷியன்சி இத்தனை வருஷத்துல நிஜமாவே கூடியிருக்கா?

கூடியிருக்கு, நல்லாவே. எஃபிஷியன்சின்னா பெட்ரோல்ல இருக்கிற சக்தில எவ்வளவு பங்கு இன்ஜினைச் சுத்துற வேலையா மாறுதுங்கிறதுதான், மிச்சம் சூடாவே வெளிய போயிடும். பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற பழைய கார்புரேட்டர் காலத்துல பெட்ரோல் அளவு கிட்டத்தட்ட குத்துமதிப்பு, இப்ப சென்சார் பார்த்து இன்ஜெக்டர் மில்லிசெகண்ட் கணக்குல தெளிக்குது, நாக்கிங் (கலவை நேரம் தப்பி தானா வெடிக்கிறது) வந்தா உடனே ஸ்பார்க் விடுற டைமிங்கை மாத்திக்குது, அதனால கலவையை இன்னும் இறுக்கமா அமுக்கி எரிக்க முடியுது, இறுக்கம் கூடக்கூட அதே பெட்ரோல் பிஸ்டனை அதிகமா தள்ளும். 2015ல வந்த டொயோட்டா ப்ரியஸ் இன்ஜின் உச்சத்துல 40 சதவீதம் தொட்டுச்சு, சாதாரண விஷயமே இல்ல அது.

அப்புறம் ஏன் மைலேஜ் அந்த அளவுக்கு ஏறல? பலசாலி ஆன ஆள் தலைல இன்னும் ரெண்டு மூட்டை ஏத்துன மாதிரி, கார் எடையும் பவரும் கூடவே ஏறிடுச்சு. அதனால மைலேஜை மட்டும் பார்த்து இன்ஜின் முன்னேறலன்னு முடிவு பண்ணாதீங்க.