பூர்வகுடி மூத்தோருக்கும் குடும்பங்களுக்கும் வீடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரொறன்ரோவில் பூர்வகுடி மக்களுக்கான இலாபநோக்கற்ற வீடமைப்பு நிறுவனம் ஒன்றில் 11 வருடங்களாக வேலை செய்கிறேன். முதியோர் பராமரிப்பு வேலையில் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேள்விகளும் நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி: அக்கா, வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை எனக்கு. க்ரீ என்ற பூர்வகுடி இனத்து அம்மா ஒருவர் முதியோர் இல்லம் என்றாலே அழுகிறார். வசதியெல்லாம் இருந்தும் ஏன் இந்தப் பயம்?

பதில்: தங்கச்சி, அவருடைய வயதை யோசித்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலர், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். எல்லாத் தலைமுறைகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 1,50,000 பிள்ளைகள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பாதியில்தான். வரிசையாகக் கட்டில், மணியடித்தால் சாப்பாடு, தாய்மொழி பேசினால் தண்டனை. முதியோர் இல்லத்தின் நீண்ட நடைபாதையைப் பார்த்ததும் அவருக்கு அந்தப் பள்ளிதான் நினைவுக்கு வரும்.

எங்கள் கட்டிடத்துக்கு வந்த ஒரு பெரியவர் முதல் மாதம் முழுக்க உடுப்புப் பையைப் பிரிக்கவே இல்லை. கதவோரம் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஒருநாள் கீழே பொதுச் சமையலறையில் மான் இறைச்சி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மெல்ல இறங்கி வந்தார். ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் நான் போனபோது சட்டைகள் அலுமாரியில் தொங்கின. நாங்கள் கொடுத்த எந்த ஆலோசனையும் செய்யாததை அந்தச் சமையலறை செய்தது.

அந்த அம்மாவைக் குளிக்க வார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பூர்வகுடி வீடமைப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், காத்திருப்புப் பட்டியல் நீளம்.

கேள்வி: பூர்வகுடி மக்களுக்கு வீடு இலவசம், வரியும் இல்லை என்கிறார்களே?

பதில்: இல்லை அண்ணா. இந்தியன் சட்டத்தின் வரிவிலக்கு, பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான பதிவுபெற்ற முதற்குடியினருக்கு, அதுவும் பெரும்பாலும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ரிசேர்வ் நிலத்தில் உள்ள சொத்துக்கும் வருமானத்துக்கும்தான். ரொறன்ரோவில் வேலை செய்கிறவர் நம்மைப்போலவே வரி கட்டுகிறார். மானிய வீட்டில் வாடகை பொதுவாக வருமானத்தில் 30%.

வீடுகளும் தானாக வந்துவிடவில்லை. வின்னிபெக்கில் 1970இல் கினியூ, இங்கே 1972இல் விக்வாமன் என்று அந்த மக்களே நிறுவனம் அமைத்துக் கட்டியெழுப்பியவை. 1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்கான நிதியை நிறுத்தியது. இன்றைய நீண்ட பட்டியலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கு முதியோர் கட்டிடத்தில் இடம் கிடைக்குமா?

பதில்: ஓர் அறை வீடு என்றால் கஷ்டம். குடும்ப வீட்டுக்குப் பதியுங்கள், தாமதிக்க வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2021 கணக்கெடுப்பில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7% மட்டுமே, ஆனால் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்களில் அவர்கள் 53.8%. வீடு போதாது என்பதும் பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகியிருக்கிறது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம், வறுமையையோ வீட்டு வசதிக் குறைவையோ மட்டும் வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளை நல அதிகாரி கதவைத் தட்டினால் அந்தப் பாட்டி இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பூர்வகுடிக் குடும்பத்தார் ஏதோ இலையைக் கொளுத்துகிறார்கள். முறையிடலாமா?

பதில்: அது சேஜ் இலை. சிப்பியில் வைத்துப் புகையை முகத்திலும் தலையிலும் வாரிக்கொள்வார்கள், வழிபாடு அது. வீட்டில் சாம்பிராணி போடுகிற நமக்கு இது புரியாமல் போகாது. ஆஸ்துமா இருந்தால் நேரே போய்ச் சொல்லுங்கள், நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பூர்வகுடி மூத்தவர் ஒருவரிடம் சில விஷயங்கள் கேட்டறிய ஆசை. எப்படி அணுகுவது?

பதில்: வயதான எல்லோரையும் ‘எல்டர்’ என்று அழைப்பதில்லை, சமூகம் மதித்துக் கொடுக்கும் இடம் அது. அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் வழக்கத்தில், அறிவு கேட்டுப் போகிறவர் கொஞ்சம் புகையிலை கொண்டுபோவார். சிறு துணியில் முடிந்து, எதற்காக வந்தீர்கள் என்று சொல்லி நீட்டுங்கள். அவர் வாங்கிக்கொண்டால் பேசச் சம்மதம். அப்புறம் அவசரப்படாமல் உட்காருங்கள்.