பேய் துரத்தும்போது போனை ஏன் கீழே போடவில்லை?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போனிலேயே 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' (கதையில் வருபவர்களே எடுத்த வீடியோ பிறகு கிடைத்ததுபோல் காட்டும் வகை) பேய்க் குறும்படம் எடுக்கிறோம். ஈ.சி.ஆரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பங்களாவில் கதை நடக்கிறது. "பேய் துரத்தும்போது எவனாவது ஷூட் பண்ணுவானா?" என்று ஸ்கிரிப்ட் படித்தவர்கள் கேட்கிறார்கள். பணம் கொடுத்தால் எடிட்டிங்கில் 'நிஜ ஃபுட்டேஜ் லுக்' கொண்டுவந்து சரிசெய்வதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், வளசரவாக்கம்

பதில்: நம்பாதீர்கள். அவர் விற்பது கொஞ்சம் புள்ளி, கொஞ்சம் பச்சை நிறம், மூலையில் ஒரு சிவப்பு 'ரெக்' விளக்கு. எடிட்டிங் ஆப்பிலேயே சும்மா கிடைப்பதற்கு வடபழனி பக்கம் காசு வாங்குகிறார்கள். புதுப் பையன்கள் என்றால் இவர்களுக்குக் கொண்டாட்டம். உங்கள் சிக்கல் கதையில் இருக்கிறது, எந்த ஃபில்டரும் அதைத் தீர்க்காது.

இந்த வகைப் படத்தில் கேமரா கதைக்குள்ளேயே இருக்கும் பொருள். அதை ஏன் ஓடவிடுகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும், பயம் வந்த பிறகும் அந்தக் காரணம் செல்ல வேண்டும். 2007-இல் வந்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் ராத்திரி என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் படுக்கையறையில் கேமராவையே வைக்கிறார்கள். ஆள் தூங்கினாலும் அது ஓடுகிறது.

உங்கள் பங்களாவில் கரண்ட்டை எடுத்துவிடுங்கள். போன் டார்ச் மட்டுமே வெளிச்சம். கீழே போட்டால் இருட்டு, நின்று ரெக்கார்டிங்கை அணைக்க நேரமில்லை. கேட்டவர்கள் வாயடைத்துப்போவார்கள். படமெடுக்கும்போதும் அந்த வெளிச்சத்தையே நம்புங்கள். பக்கத்தில் எல்.இ.டி. வைத்து முகத்தை அழகாக்கினால் குட்டு உடைந்துவிடும். டார்ச் எட்டாத அந்தக் கறுப்புதான் உங்கள் பேய்.

ஒரு போன் என்றால் ஒரே கோணம். ஒலியைத் தனியாகப் பதிவு செய்வதாக இருந்தால், ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை) மாறாமல் பூட்டும் கேமரா ஆப்பில் எடுங்கள். இல்லாவிட்டால் நீளமான ஷாட்டில் உதடும் குரலும் விலகிப்போகும்.

பின்னணி இசை கூடாது. கதைக்குள்ளேயே ரேடியோவோ டிவியோ ஓடினால் பாட்டு வரலாம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். "சில நொடி போட்டால் ஒன்றுமில்லை", "டீக்கடை ரேடியோவில் தானாக விழுந்த பாட்டுதானே" என்றெல்லாம் சொல்வார்கள். இத்தனை நொடி வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, படத்தின் பின்னணியில் தற்செயலாக வரும் ஓவியம், சிற்பம் போன்ற கலைப்படைப்புகளுக்குச் சலுகை தருகிறது. சுவரில் மாட்டிய ஓவியம் தெரியலாம். அந்தச் சலுகையைப் பாட்டுக்கு நீட்டிக்க முடியாது. உரிமை வாங்குங்கள், அல்லது நண்பரைச் சொந்தமாக மெட்டுப் போடச் சொல்லி ரேடியோவில் ஓடவிடுங்கள்.

"போனில் எடுத்தால் பர்மிஷன் வேண்டாம்" என்பதும் பொய். பங்களா உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தெருவில் எடுப்பதற்கு அனுமதி கேட்டு அலைய வேண்டியிருப்பது உண்மைதான். நாலு பையன்களும் ஒரு போனும் உள்ள படத்துக்கு ஒரே பக்கத்தில் ஒரு எளிய படிவம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? அந்த அலைச்சலில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

யூடியூபில் மட்டும் போடுவதானால் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டினால் வேண்டும். அதற்குத் தணிக்கை வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். "உள்ளே ஆள் இருக்கு" என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.