மாருதி 800 மறுகா வருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன், இந்தியாவில நிப்பாட்டின கார்களுக்குள்ள ஒண்டே ஒண்டு திரும்பி வரலாமெண்டா நீங்க எதச் சொல்லுவீங்க?
(ஏறாவூர் வாசகர்)

பதில்: மாருதி 800 தான் தம்பி, எனக்கு அதில ரெண்டாவது யோசின இல்ல. 1983 டிசம்பர்ல விற்பனைக்கு வந்து 2014 ஜனவரி வரைக்கும் செஞ்ச கார். 796 சிசி, மூணு சிலிண்டர், நீளம் 3.3 மீற்றர் சொச்சம், பாரம் ஏறக்குறைய 650 கிலோ. அந்தப் பாரத்திலதான் எல்லா விசயமும் இருக்கு. பாரம் குறைஞ்சா சின்ன எஞ்சின் காணும், சின்ன எஞ்சினுக்கு பெற்றோல் குறைவு, 12 இஞ்சி டயர் மலிவு, பிரேக்கும் சஸ்பென்சன் சாமானும் கெதியில தேயாது, எந்த ஊர் கராச்சிலயும் கழட்டிப் பூட்டலாம். 2022 இல இலங்கையில பெற்றோல் தட்டுப்பாட்டுக்குள்ள கியூஆர் கோட்டுக்கு காருக்கு கிழமைக்கு 20 லீட்டர் தந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், லீட்டருக்கு 15 கிலோமீற்றர் எண்டு குறைச்சுப் பிடிச்சாலும் 800 வச்சிருந்த ஆளுக்கு அது 300 கிலோமீற்றர், மட்டக்களப்பில இருந்து கல்முனைக்கு மூணு தரம் போய் வந்தாலும் டாங்கியில ஒள்ளுப்பம் மிஞ்சும்.

இந்தக் கார ஆக்கள் வெறுத்து ஒதுக்கல்ல. 2010 ஏப்ரல்ல இந்தியாவின்ட 13 பெரிய நகரங்களுக்கு பிஎஸ் 4 புகைச் சட்டம் வந்த நேரம், கொம்பனி 800 இன்ட எஞ்சின அதுக்குத் தக்கன மாத்தாம அந்த நகரங்கள்ல விற்பனைய நிப்பாட்டிட்டாங்க, மத்த ஊருகள்ல மட்டும் இன்னும் நாலு வருசம் வித்தாங்க. அந்த இடத்துக்கு வந்த அல்ட்டோ 800 உம் 2023 இல புதுப் புகைச் சட்டத்தோட போயிட்டு, இப்ப இருக்கிறது 998 சிசி கே10 தான்.

பழைய 800 அப்பிடியே திரும்பி வர ஏலாது, வரவும் கூடாது. ஏர்பேக் இல்ல, சடாரெண்டு பிரேக் பிடிச்சா சில்லு இறுகிப் போகாமப் பாக்கிற ஏபிஎஸ் இல்ல, 2019 அக்டோபர்ல இருந்து இந்தியாவில விக்கிற எல்லாக் காரும் மோதல் சோதனை பாஸ் பண்ணியாகணும், பிள்ளைகள ஏத்திக்கொண்டு போற வாகனத்துக்கு அந்தச் சட்டம் வேணும். அப்ப பாதுகாப்பையும் வச்சு பாரத்தையும் குறைக்க ஏலுமா எண்டு கேட்டா, ஏலும் எண்டுதான் நான் நம்புறன். மாருதியின்ட தாய்க் கொம்பனி சுசுகியே 2024 இல, ஜப்பான் அல்ட்டோவின்ட பாரத்த இன்னும் 100 கிலோ குறைக்கிறதுதான் எங்கட குறி எண்டு சொல்லியிருக்கு, இப்ப அது 680 கிலோ. இந்தியாவிலயும் 2025 செப்டம்பர் 22 இல இருந்து 4 மீற்றருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கிற பெற்றோல் காருக்கு ஜிஎஸ்டி எண்ட விற்பனை வரிய 18 வீதமாக் குறைச்சிட்டாங்க. ஆனா 4 மீற்றரில கோடு கீறினதால கொம்பனிகள் கோட்டுக்கு ஒரு விரல் இங்கால நிண்டு வாகனம் செய்யுறாங்க, டாட்டா நெக்சன், ஹூண்டாய் வெனியூ ரெண்டுமே 3,995 மில்லிமீற்றர். 800 அதவிட 66 சென்ரிமீற்றர் கட்டை. கோட்ட நீளத்தில கீறாம பாரத்தில கீறியிருந்தா இண்டைக்கு மூணு நாலு கொம்பனி 800 மாதிரி கார் செஞ்சிருக்கும்.

இது இலங்கையில இருக்கிற எங்களுக்கும் சேர்ந்த கதைதான். 2020 இல நிண்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் தனியார் பாவனைக்குத் திறந்தது, வரியும் சிசியப் பார்த்து ஏறுது. ஒரு ஆசிரியரோ தாதியோ லீசிங் போட்டு கட்டி முடிக்கக்கூடிய கார் இந்தியாவில செய்யாட்டி, இஞ்ச அவங்களுக்கு மோட்டார்சைக்கிள விட்டா வேற வழியில்ல.

கேள்வி: சேர், நனோவையும் திரும்பக் கொண்டுவரலாம்தானே?
(கல்முனை, ஆசிரியை ஒருவர்)

பதில்: வரலாம் டீச்சர், ஆனா மின்சாரக் காரா வரணும். நனோவ 2009 இல டாட்டா கொம்பனி ஒரு லட்சம் இந்திய ரூபா காரெண்டு வித்தாங்க, உலகத்திலயே மலிவான கார் எண்ட பேர் ஒட்டினதும், காசு சேர்த்து முதல் கார் வாங்குற குடும்பம் அதில ஏறக் கூச்சப்பட்டுது, அப்பிடி விளம்பரம் பண்ணினது பிழையெண்டு ரத்தன் டாட்டாவே பிறகு சொன்னார். உள்ளுக்கு இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், வெளிய 3.1 மீற்றர், உள்ள நாலு வளந்த ஆக்கள் முட்டுக்கால் இடிக்காம இருக்கலாம், எஞ்சின் பின்னுக்கு இருந்ததாலதான் அது. குறையும் இருந்தது, 2015 வரைக்கும் டிக்கிய வெளியால திறக்க ஏலாது, சாமான் எல்லாம் சீட்ட மடிச்சுத்தான் வைக்கணும். 624 சிசி ரெண்டு சிலிண்டர் எஞ்சின் சத்தமும் கொஞ்சம் கூட. மோட்டர் பின்னுக்கும் பெற்றரி தரைக்குக் கீழயும் வச்சா இந்த ரெண்டும் தீரும். 3 மீற்றருக்குள்ள இருக்கிற எம்ஜி கொமெட் எண்ட மின்சாரக் கார அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க, மோட்டர் பின்னுக்கு. ஸ்கூலுக்குப் போய்வாற ஓட்டத்துக்கு அது தாராளம்.

கேள்வி: வயலுக்குப் போக ஜிப்சி மாதிரி வேற இல்ல. அது வராதா?
(பொத்துவில், விவசாயி)

பதில்: ஜிப்சி 1985 இல இருந்து 2019 வரைக்கும் ஓடி, இந்திய ஆமிக்கே முதுகெலும்பா நிண்ட வண்டி. அதின்ட வாரிசு ஜிம்னி, 2023 இல இந்தியாவில அஞ்சு கதவோட வந்திட்டு. கீழ அதே ஏணி மாதிரி இரும்புச் சேசிஸ், முன்னுக்கும் பின்னுக்கும் அதே ஒரே துண்டு முழு அச்சு, ஆனா ஜிப்சியில இருந்த பட்டை பட்டையா அடுக்கின லீவ் ஸ்பிரிங்குக்குப் பதிலா சுருள் கொயில் ஸ்பிரிங். முதுகு நோகாது. விலைதான் விவசாயிட விலையில்ல, சீட்டும் அலங்காரமும் குறைச்ச ஒரு வேலைக்கார ஜிம்னிய அவங்க தரணும் எண்டு நானும் ஆசப்படுறன்.

கேள்வி: அம்பாசிடர்?
(வாழைச்சேனை வாசகர்)

பதில்: மொறிஸ் ஒக்ஸ்போட் சீரீஸ் 3 எண்ட பழைய இங்கிலீசுக் கார் தான் அது, 2014 இல மேற்கு வங்காளத்தில உத்தர்பாரா தொழிற்சாலையில செய்யுறது நிண்டது, பேர 2017 இல பிரான்ஸ் கொம்பனி பியூஜோ 80 கோடி இந்திய ரூபாக்கு வாங்கிட்டு. வந்தா பேர் மட்டும்தான் வரும். டாட்டா சியராவப் பாருங்க, 1991 இல வந்த மூணு கதவு வண்டி, 2025 நவம்பர்ல 4.3 மீற்றர் அஞ்சு கதவு எஸ்யூவியாத் திரும்பியிருக்கு. வடிவான வண்டிதான், ஆனா அது வேற வண்டி.

கேள்வி: வாப்பாட 800 வீட்டில நிக்குது. விக்கவா, செஞ்சு ஓடவா?
(மருதமுனை வாசகர்)

பதில்: செஞ்சு ஓடுங்க மனே, ஆனா முதல்ல துருவப் பாருங்க, உங்கட பக்கம் கடல் காத்து பாடியத் தின்னும். டிரைவர் காலுக்குக் கீழ காப்பெட்டத் தூக்கிட்டு ஸ்குரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்க, நல்ல தகடு கணீரெண்டும், உக்கினது பொத்தெண்டும். கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டைகள் மண் அடைச்சிருக்கும், கம்பியால குத்தி விடுங்க. ரேடியேட்டருக்கு உப்புக் கிணத்துத் தண்ணி வேணாம், கூலன்ட் ஊத்துங்க. கடைசியா பொனட்டத் திறந்து முன் சொக்கப்சோபர் மேல பூட்டுற இடத்தப் பாருங்க, அது உக்கியிருந்தா தெரிஞ்ச ஆளக்கொண்டு வெட்டிப் புதுத் தகடு வெல்ட் பண்ணணும், அது முடியுமட்டும் ஏசி, பெயின்ட் எண்டு ஒரு சதமும் போடாதீங்க.