ரப்பர் மரத்தில் பட்டை மரப்பு: வைட்டமின் சி கரைத்துப் பூசினால் பால் திரும்புமா?

கேள்வி இது: குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஆர்ஆர்ஐஐ 105 என்னும் ரப்பர் ரகத் தோட்டம். ஒன்று விட்ட நாள் பால்வெட்டு, மாதாமாதம் எத்திபான் (பால் ஒழுக்கைக் கூட்டும் மருந்து) பூச்சு. பல மரங்களில் பட்டை மரத்து, வெட்டினாலும் பால் வருவதில்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்கிறார்கள். அப்படியென்றால் வைட்டமின் சி பூசலாமா?

பூசாதீர்கள். காரணம் சரி, வைத்தியம்தான் தப்பு.

சிரட்டையில் விழுவதை வெறும் பால் என்று நினைக்கக் கூடாது. பட்டைக்குள் ஒன்றோடொன்று இணைந்து குழாயாக ஓடும் உயிருள்ள செல்களின் சைட்டோபிளாசம், அதாவது செல்லின் உட்சாறு அது. அதில் லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. பைக்குள் அமிலத்தன்மை, பிஎச் சுமார் 5.5. வெளியே கிட்டத்தட்ட 7. பை உடைந்தால் உள்ளிருக்கும் நேர்மின் புரதங்களும் மக்னீசியம், கால்சியமும் வெளியேறி, எதிர்மின் கொண்ட ரப்பர் துகள்களில் ஒட்டிக் கட்டியாக்கிவிடும். வெட்டிய சில மணி நேரத்தில் ஒழுக்கு நிற்பது இப்படித்தான். நல்ல மரத்தில் இது வெட்டுவாயில் நடக்கிறது. மரத்துப்போன மரத்தில் பட்டைக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

பையை உடைப்பது யார்? லூட்டாய்டு சவ்விலேயே ஒரு நொதி இருக்கிறது. அது என்ஏடிபிஎச் என்னும் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுத்து, சூப்பராக்சைடு என்னும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்கும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். கேட்டலேஸ், அஸ்கார்பிக் அமிலம், குளுட்டாதையோன் இவையெல்லாம் அதை அடக்கும்வரை சிக்கல் இல்லை. அடக்க முடியாமல் போனால் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து பை கிழியும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. செலவான குளுட்டாதையோனைப் பழைய நிலைக்குத் திருப்பவும் என்ஏடிபிஎச் வேண்டும். ரப்பர் சங்கிலியில் சேரும் ஒவ்வொரு ஐசோப்ரீன் அலகுக்கும் 2 என்ஏடிபிஎச் வேண்டும். இரண்டுக்கும் மூலம் இலையிலிருந்து வரும் சர்க்கரை. ஒன்று விட்ட நாள் வெட்டினால், போன பாலை ஈடுகட்டவே மரத்துக்கு 48 மணி நேரம்தான் கிடைக்கிறது. அதன்மேல் எத்திபான் பூசினால் ஒழுக்கு நீண்டு, பாலோடு குளுட்டாதையோனும் கூடுதலாக வெளியேறும். அளவு மீறிப் பூசினால் சூப்பராக்சைடு உண்டாக்கும் அந்த நொதியின் வேகமும் கூடும்.

வெளியே பூசும் வைட்டமின் சி (அஸ்கார்பிக் அமிலம்தான் இது) தக்கைப் பட்டையைத் தாண்டிப் பால்குழாய்க்குள் எளிதில் போகாது. காற்றும் வெளிச்சமும் பட்டுச் சீக்கிரம் கெட்டும் போகும். இரும்பு, செம்பு இருக்கும் இடத்தில் அது எதிர்வேலைகூடச் செய்யும்: ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக்க, அது பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்னும் மிகக் கொடிய ரேடிக்கலைக் கொடுக்கும். இன்னொன்று, பெராக்சைடை அடியோடு ஒழிப்பது நம் நோக்கமே அல்ல. வெட்டுக்காயம் ஆறி லிக்னின் (செல்சுவரை உறுதியாக்கும் பொருள்) படிய பெராக்சிடேஸ் நொதிக்கு அது தேவை. பூஞ்சாணக்கொல்லியும் வேண்டாம். இன்ன கிருமியால்தான் வருகிறது என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

வெட்டியதும் வாயை உற்றுப் பாருங்கள். நல்ல மரத்தில் கத்தி போன தடம் முழுக்க உடனே வெளுக்கும். நோய் தொடங்கிய மரத்தில் அங்கங்கே துளி நிற்கும், நடுவில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குப் பட்டை காய்ந்து கிடக்கும். முற்றினால் அந்த இடம் பழுப்பேறி வெடிக்கும். இதற்கு முன்பே ஒரு அறிகுறி வரும்: பால் நீர்த்து, ஒழுக்கு நிற்காமல் நீளும், பாலில் உள்ள ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் கருவியின் வாசிப்பு இறங்கும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் மரம் மீள வாய்ப்பு அதிகம்.

இந்த அறிகுறிகள் தெரியும் மரங்களில் வெட்டை உடனே நிறுத்துங்கள், எத்திபானைத் தோட்டம் முழுக்க நிறுத்துங்கள். சில மாத ஓய்வுக்குப் பின் கூர்மையான ஊசியால் வெட்டுவாய்க்குக் கீழே 5 செ.மீ.க்கு ஒரு குத்து வைத்துப் பாருங்கள். எல்லாக் குத்திலும் பால் கசிந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டு என்று தொடங்கலாம். ஆர்ஆர்ஐஐ 105-க்கு அந்த இடைவெளிதான் பொருத்தம். இலை உதிர்ந்து தளிர்க்கும் நாட்களில் தொடங்காதீர்கள், சர்க்கரை தளிருக்குப் போய்விடும். பழுப்பேறி வெடித்த பட்டை திரும்பாது. மரத்தின் எதிர்ப்பக்கப் பட்டையில் புதிதாக வெட்டத் தொடங்கும் முன் அங்கேயும் ஊசிக்குத்து பார்க்க வேண்டும்.

ஆய்வக வசதி உள்ள மாணவர்கள் பாலில் தையோல் (குளுட்டாதையோன் போன்ற கந்தகச் சேர்மங்கள்) அளவைப் பார்க்கலாம். முதல் துளிகளை விட்டுவிட்டு 1 மி.லி. பாலை 9 மி.லி. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் (2.5%, ஈடிடிஏ 0.01%) விட்டுக் குலுக்கினால் ரப்பர் திரளும். வடித்த நீரில் 1.5 மி.லி., டிரிஸ் பஃபர் 0.5 மோலார் 1.5 மி.லி., தையோலோடு வினைபுரிந்து மஞ்சள் நிறம் தரும் டிடிஎன்பி 10 மில்லிமோலார் 75 மைக்ரோலிட்டர் சேர்த்து அரைமணி கழித்து 412 நானோமீட்டரில் படியுங்கள். 1 செ.மீ. குவெட் (ஒளியளவுக் குப்பி) என்றால், பால் சேர்க்காத அமிலத்தின் வாசிப்பைக் கழித்து 1.5-ஆல் பெருக்க, பாலில் உள்ள தையோல் அளவு மில்லிமோலாரில் கிடைக்கும். மஞ்சள் நிறமே வரவில்லையென்றால் முதலில் பிஎச் பாருங்கள். அமிலம் மிஞ்சி 8-க்குக் கீழே நின்றால் வினை மந்தமாகும். அதே ரகம், அதே நாள் வெட்டிய நல்ல மரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பாலை மரத்தடியிலேயே அமிலத்தில் விடுவது முக்கியம். குப்பியில் பாலாகவே நாகர்கோவில்வரை கொண்டு போனால் வழியிலேயே தையோல் ஆக்சிஜனேற்றமடைந்து, நல்ல மரமும் நோயாளியாகத் தெரியும்.