பேசத் தெரிந்த பிள்ளையை ஆரம்ப வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்

தம்பி, போன மாதம்தான் ரஷ்யாவின் கசானிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்திருக்கிறீர்கள். மனைவி ரஷ்யர். ஆறு வயது மகன் அம்மாவோடு ரஷ்ய மொழியில் மளமளவென்று பேசுகிறான். பள்ளிக்கூடம் போகுமுன்பே ஊரைவிட்டுக் கிளம்பியதால் ரஷ்ய எழுத்து தெரியாது. அதைப் படிக்க எந்த வகுப்பில் சேர்ப்பது, வீடு எங்கே பார்ப்பது, குளிருக்குக் கோட்டு எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடும் கோட்டும் ரஷ்யர்கள் நிறைந்த பிரைட்டன் பீச் பக்கம் உங்கள் மனைவி ஒரு நாள் நடந்தால் அமைந்துவிடும். மகன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நான் 1986இல் மாஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவன். 1994இல் மனைவி, நான்கு வயது மகளோடு இங்கே வந்தேன். மகளுக்கு ஏழு வயதானதும் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்த்தோம். ரஷ்ய மொழியே அறியாத பிள்ளைகளோடு உட்கார வைத்து, ‘இது மேசை, இது ஜன்னல்’ என்று சொல்லவைத்தார்கள். மூன்றாவது வாரம் போகமாட்டேன் என்றாள். அடுத்து ஓர் ஆசிரியையிடம் விட்டோம். அவர் முதல் நாளே ‘திக்தாந்த்’, அதாவது சொல்வதெழுதுதல் கொடுத்தார். தாள் முழுக்கச் சிவப்பு மை. அதன்பின் இரண்டு வருடம் அவள் ரஷ்யப் புத்தகத்தைத் தொடவேயில்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் காது பழுத்திருக்கும், கண்தான் புதிது. அதிலும் கண் ஆங்கிலத்துக்குப் பழகிவிடும். ரயில் பாலத்துக்குக் கீழே கடைப் பலகையில் ‘ரெஸ்தரான்’ என்றிருந்ததை என் மகள் ‘பெக்டோபா’ என்று வாசித்தாள். ஆங்கில ‘பி’ மாதிரி இருப்பது அங்கே ‘ர’, ‘சி’ மாதிரி இருப்பது ‘ஸ’, ‘எச்’ மாதிரி இருப்பது ‘ந’. மொத்தம் 33 எழுத்து. இப்படிக் குழப்புகிற ஏழெட்டை மட்டும் முதலில் தனியாக எடுத்துப் பழக்குங்கள். மீதி தானாக வரும்.

எழுத்துப்பிழைக்கும் காதே மருந்து. தண்ணீரை ‘வதா’ என்பார்கள், எழுதும்போது ‘வொ’ போட வேண்டும். அழுத்தம் விழாத ‘ஒ’ பேச்சில் ‘அ’வாகிவிடும். நம் வீட்டில் ‘வந்துட்டேன்’ என்று பேசும் பிள்ளை அப்படியே எழுதுவதில்லையா, அதுபோல அவனும் ‘வதா’ என்றே எழுதுவான். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். ‘பன்மையில் எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். ‘வோதி’ என்பான். அழுத்தம் அங்கே விழுவதால் ‘ஒ’ தெளிவாகக் கேட்கும். மொழியைப் புதிதாகப் படிப்பவன் அந்தப் பன்மையையே மனப்பாடம் செய்ய வேண்டும். உங்கள் மகன் வாயில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாஸ்கோவில் மொழி வகுப்பு முடித்த பிறகும் விடுதிக் கதவில் கையால் எழுதி ஒட்டிய அறிவிப்பைப் படிக்க முடியாமல் நின்றிருக்கிறேன். எழுத்துகளைச் சேர்த்துக் கையால் எழுதும் கூட்டெழுத்தில் ‘த’ ஆங்கில ‘எம்’ மாதிரி இருக்கும். ‘ஷ’வும் ‘இ’யும் சேர்ந்து வந்தால் வெறும் கொக்கி வரிசைதான். ‘புரோபிசி’ என்ற கோடு போட்ட நோட்டு ரஷ்யக் கடைகளில் கிடைக்கும், வாங்குங்கள்.

இங்கே பலர் ‘ஆங்கிலம் கெட்டுவிடும்’ என்று வீட்டிலேயே ரஷ்யப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று பாட்டியோடு ஜாடையில் பேசுகின்றன. இன்னும் சிலர் ஆங்கில எழுத்தில் ரஷ்ய மொழியைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும் என்கிறார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. புரூக்ளினில் சில அரசுப் பள்ளிகளிலேயே ரஷ்ய–ஆங்கில இருமொழி வகுப்பு இருக்கிறது, முதலில் அதை விசாரியுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது ரஷ்யாவில் வரோனெஷ் நகரிலிருந்த என் மாமியார். பேத்திக்கென்று அச்சு எழுத்தில், பெரிது பெரிதாக, நாலு வரிக் கடிதம் போடச் சொன்னேன். பூனை குட்டி போட்டது, தோட்டத்தில் வெள்ளரி காய்த்தது, அவ்வளவுதான் செய்தி. ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு சொல்லைக் கூட்டெழுத்தாக்கினார். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ முழுக்கக் கூட்டெழுத்தில் வந்தது. என் மனைவி பெல்மெனிக்கு, அதாவது கறி வைத்த ரஷ்யக் கொழுக்கட்டைக்கு, மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு. ‘நீயே படி’ என்றாள். மகள் அடுப்படியில் நின்றபடி கடைசி வரிவரை வாசித்தாள்.

உங்கள் மாமியார் கசானில்தானே இருக்கிறார்? இன்றைக்கே கேளுங்கள்.