வலிக்காத கண்ணையும் காட்டுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு மதுரை கண் மருத்துவர் பதில்

சென்ற இதழில் சர்க்கரை நோயும் விழித்திரையும் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, சர்க்கரையைப் பற்றி இல்லை. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துபோன உறவினர்களைப் பற்றியவை. பாதிக்கு மேல் “பெயர் போட வேண்டாம்” என்ற குறிப்போடு வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை யார் பெயரும் இல்லை. ஊர்ப் பெயரும், சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும்தான்.

*உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு அக்கா: என் தம்பிக்கு 36 வயது. உடம்பு மெலிந்துகொண்டே போனதால் ரத்தம் பார்த்தோம். எச்.ஐ.வி. என்று வந்தது. மதுரை பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து) மையத்தில் மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. சிடி4 எண்ணிக்கை 41. இப்போது இடது கண்ணில் கொசு பறப்பது போல இருக்கிறது என்கிறான். வலி இல்லை, சிவக்கவும் இல்லை. மாத்திரைச் சூடுதான் காரணம், கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். கண்ணாடி மாற்றினால் போதுமா?*

அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் குழு மூலம் முன்பே தகவல் அனுப்பிவிட்டேன். ஆனாலும் விரிவாக எழுதுகிறேன், இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும்.

கண்ணாடி வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை (கருவிழி நடுவிலுள்ள துவாரத்தை) விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். நான் சந்தேகப்படுவது சைட்டோமெகலோ வைரஸை. சுருக்கமாக சி.எம்.வி. என்போம். அக்கி, சின்னம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இது சிறு வயதிலேயே நுழைந்துவிடும். ஒரு காய்ச்சலோடு, சில சமயம் அதுகூட இல்லாமல், உள்ளே போய் ஒடுங்கிக்கிடக்கும். எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும் வரை அதனால் எதுவும் செய்ய முடியாது. எதிர்ப்பு சக்தியை நடத்தும் வெள்ளணுக்களான சிடி4 அணுக்கள் சாதாரணமாக 500-க்கு மேல் இருக்க வேண்டும். 50-க்குக் கீழே இறங்கும்போதுதான் இந்த வைரஸ் பெரும்பாலும் விழித்திரையைப் பிடிக்கிறது. உங்கள் தம்பியின் எண் 41.

கண் வலித்தால்தான் டாக்டரிடம் போவது என்ற பழக்கம் இந்த நோயில் பார்வையையே பறித்துவிடும். விழித்திரையில் வலி நரம்பு கிடையாது. அதனால் உள்ளே ஓரத்தில் திசு செத்துக்கொண்டே வந்தாலும் வெளியே கண் தெளிவாக இருக்கும். கரையான் பிடித்த கதவு மாதிரி, பெயின்ட் பளபளப்பாக இருக்கும், விரல் வைத்து அழுத்தினால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். நோயாளிகள் சொல்வது எல்லாம் சாதாரண விஷயங்கள்தான்: கொசு பறக்கிறது, ஓரத்தில் மின்னுகிறது, ஒரு பக்கம் மறைக்கிறது. எதுவும் சொல்லாதவர்களும் உண்டு. இன்னொரு கண் சரியாக இருப்பதால், ஒரு கண்ணில் பார்வை போனதே பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரிலுள்ள மாதக் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணால். ஏதாவது கட்டம் மங்கினால், வளைந்தால், விடுபட்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். எல்லாக் கட்டமும் தெரிந்தாலும் சோதனை முடிந்ததாக நினைக்க வேண்டாம், ஓரத்தில் இருக்கும் நோய் காலண்டரில் மாட்டாது.

பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சொட்டு மருந்து இரண்டு மூன்று முறை விடுவார்கள், கொஞ்சம் எரியும். அப்புறம் படுக்க வைத்து, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, மேலே பார், கீழே பார், காது பக்கம் பார் என்பார். வெளிச்சம் கூசும். அன்று மாலை வரை கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். தம்பி பைக்கில் வர வேண்டாம், நீங்களும் கூட வந்து, ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரி கண் பிரிவிலும் பார்ப்பார்கள், அண்ணா நகர் அரவிந்த் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவிலும் பார்ப்பார்கள். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்தால் இது தெரியாது.

சி.எம்.வி.தான் என்று உறுதியானால் மருந்து இருக்கிறது. கான்சைக்ளோவிரை நரம்பில் ஏற்றலாம், அல்லது வால்கான்சைக்ளோவிர் மாத்திரையை முதலில் காலை, மாலை இரு வேளையும், பிறகு ஒரு வேளையாகவும் கொடுப்பார்கள். இந்த மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைக்கும், எனவே அடிக்கடி ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் பார்வை மையத்தை நெருங்கியிருந்தால் கண்ணுக்குள்ளேயே ஊசியும் போடுவோம். கேட்டதுமே பலர் எழுந்து போய்விடுகிறார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்ட பிறகு, கருவிழிக்குச் சற்றுத் தள்ளி, வெள்ளை விழியில், முடிபோல மெல்லிய ஊசியால் ஒரு துளி மருந்து. சில நொடிகள்தான். ஒரு அழுத்தம் தெரியும். ஆனால் அந்த ஊசி அந்த ஒரு கண்ணுக்கு மட்டும்தான் வேலை செய்யும். மறு கண்ணையும் குடலையும் நுரையீரலையும் காக்க மாத்திரையும் வேண்டும்.

இதைவிடப் பெரிய மருந்து ஏ.ஆர்.டி. மாத்திரைதான். 1990-களின் கடைசியில், நான் பயிற்சியில் இருந்தபோது, தேனி, கம்பம் பக்கமிருந்து இளைஞர்கள் வருவார்கள். ஊசி போட்டு விழித்திரையை அடக்குவோம். ஆனால் எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து வாங்க அவர்களிடம் காசு இருக்காது. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். பார்வையோடு வந்து, பார்வை இல்லாமல் போய், அப்புறம் வராமலே போனவர்களை நான் மறக்கவில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்தது. இன்று அது தினம் ஒரே மாத்திரை. சக்தி திரும்பி, சிடி4 100-க்கு மேல் ஏறி சில மாதம் அங்கேயே நின்றால், கண் மருந்தையே டாக்டர் நிறுத்திவிட முடிகிறது. இந்த மாத்திரையைத்தான் “சூடு” என்று நிறுத்தச் சொல்கிறார்கள்! தயவுசெய்து வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சக்தி திரும்பும்போது, அந்தச் சக்தியே கண்ணில் உள்ள வைரஸோடு மோதி வீக்கத்தை உண்டாக்குவது உண்டு. பார்வை திடீரென மங்கும். செத்துப்போன விழித்திரை மெலிந்து, கிழிந்து, பிரிந்துகொள்வதும் உண்டு. அதற்கு அறுவை சிகிச்சை வேண்டிவரும். கண் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகும் டாக்டர் கொடுக்கிற தேதிக்கு வரச் சொல்வது இதற்காகத்தான்.

*மேலூர் வாசகி: கணவருக்கு (44) அவர் அம்மா கொடுத்த சிறுநீரகம் பொருத்தி நான்கு மாதம் ஆகிறது. வால்கான்சைக்ளோவிர் ஆறு மாதம் என்றார்கள். விலை தாங்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று போன வாரம் நிறுத்திவிட்டோம். அவர் மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார். அதனால் ஏதும் வருமா?*

மாத்திரை நின்ற விஷயத்தை இன்றைக்கே சிறுநீரகம் பொருத்திய மருத்துவக் குழுவுக்குப் போன் செய்து சொல்லுங்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்றவற்றால் எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே அடக்கிவைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் சி.எம்.வி. எழும்பும். இவர்களுக்குக் கண்ணில் வருவது அரிது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல், வெள்ளணுக் குறைவு என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். தடுப்பு மாத்திரையை நிறுத்திய அடுத்த சில மாதங்கள்தான் கவனிக்க வேண்டிய காலம். விலைதான் காரணம் என்றால் அதையே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரையைத் தொடர வழி பார்ப்பார்கள், இல்லையென்றால் வாராவாரம் ரத்தத்தில் வைரஸ் அளவு பார்த்துக் கண்காணிக்கலாமா என்று முடிவு செய்வார்கள். நீங்களாக அளவைப் பாதியாக்காதீர்கள். அந்த மாத்திரையை உடைக்கவும் பொடிக்கவும் கூடாது, கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

புறாக்களை விற்றுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கூண்டு கழுவுவதும் எச்சம் அள்ளுவதும் இனி அவர் வேலை இல்லை. காய்ந்த புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். தூசியோடு நுரையீரலுக்குப் போய், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மூளை உறையில் நோயை உண்டாக்கும். வாரக்கணக்கில் விடாத தலைவலி, வாந்தி, இரண்டு இரண்டாகத் தெரிவது இவை வந்தால் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வீட்டில் யாராவது மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளட்டும். அவர் அந்த நேரம் கீழே இருக்கட்டும். கறியை நன்றாக வேக வைத்துக் கொடுங்கள், காய்ச்சாத பால் வேண்டாம்.

*திருப்பரங்குன்றம், அங்கன்வாடிப் பணியாளர்: மூன்று மாத கர்ப்பம். முதல் கரு கலைந்ததால் டார்ச் டெஸ்ட் (கருவைப் பாதிக்கும் தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள். சி.எம்.வி. ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு என்று மாமியார் அழுகிறார்.*

கலைக்க இது காரணமே இல்லை, தாயே. ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் இந்த வைரஸ் இப்போது புதிதாக வரவில்லை, எப்போதோ வந்து உள்ளே ஒடுங்கியிருக்கிறது என்றுதான் பொருள். உங்கள் மாமியாருக்கு எடுத்தாலும் அநேகமாகப் பாசிட்டிவ்தான் வரும், எனக்கும் அப்படித்தான். ஒடுங்கியிருக்கும் வைரஸ் சில சமயம் குழந்தைக்குப் போவதுண்டு, ஆனால் அந்த வாய்ப்பு குறைவு. அப்படிப் போன குழந்தைகளிலும் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். சிலருக்குக் காது கேட்பதில் குறை வரலாம். பிறந்ததும் கேட்கும் திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் முதல் மூன்று வாரத்துக்குள் குழந்தையின் எச்சில் அல்லது சிறுநீரில் வைரஸ் பார்த்துவிடலாம்.

சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கால் கழுவிவிட்ட பிறகும் மூக்குத் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் மீதி வைத்த சாதத்தைச் சாப்பிட வேண்டாம், அதே ஸ்பூனையும் வாயில் வைக்க வேண்டாம். கொஞ்ச நினைத்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுங்கள்.

*வாடிப்பட்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து: என் மகனுக்கு வயது 29. வலது நெற்றியில் கொப்புளம் வந்து, குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிவிட்டார்கள். நாலாம் நாள் இன்று. மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம், கண் சிவந்திருக்கிறது.*

மூக்கு நுனிக் கொப்புளம் என்றால் கண்ணுக்குப் போகும் நரம்பும் பிடிபட்டிருக்கலாம். அசைக்ளோவிர் போன்ற மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நாள் கடந்தாலும் கண் பாதிப்பு இருந்தால் கொடுக்க வேண்டும். ஆகவே இன்றே போங்கள். அக்கி எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை, தலைமுறையாக நம்பிக்கையோடு செய்கிறார். ஆனால் இமை மேல் காவி வேண்டாம், உடைந்த கொப்புளத்தில் மண் படக் கூடாது.

இந்த வயதில் அக்கி வந்தால் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுவது நல்லது. பையனைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. சக்தி குறைவதை உடம்பு முதலில் அக்கியாகக் காட்டுவது உண்டு, அப்போதே பிடித்தால் மேலே எழுதிய 41 வரை போகாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள்.

*சோழவந்தான்: காசநோய் மாத்திரை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். சிவப்பு நிறம் மங்கிப்போன மாதிரி தெரிகிறது.*

எதாம்பூட்டால் என்ற மாத்திரை பார்வை நரம்பைப் பாதிக்கலாம், சிவப்பு, பச்சை நிறம்தான் முதலில் மங்கும். மாத்திரை தரும் மையத்திலும் கண் மருத்துவரிடமும் இன்றே சொல்லுங்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். மொத்தத்தையும் நீங்களாக நிறுத்தினால் காசநோய் மருந்துக்கு அடங்காததாகிவிடலாம்.

*பெயர், ஊர் வேண்டாம்: ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறேன். கண் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டுமா? ஒரு இடத்தில் வரிசையில் நிற்கும்போதே சத்தமாகக் கேட்டுவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.*

அப்படிக் கேட்டது தவறு. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதால் சிகிச்சை மறுப்பதையும், சம்மதமில்லாமல் நிலையை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. புகார் கேட்க மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளரும் உண்டு. சந்தேகத்துக்கு 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் உங்கள் கொசு பறக்கும் புகாரை வயசுக் கோளாறு என்று விட்டுவிடக்கூடும். கண்ணில் வெறும் வீக்கம் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் சி.எம்.வி. இன்னும் கொழுக்கும். சீட்டு போடும் இடத்தில் “கண் சோதனை” என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே போய், கதவு சாத்திய பிறகு, கடைசி சிடி4 எண் எழுதிய ஏ.ஆர்.டி. அட்டையை டாக்டரிடம் நீட்டிவிடுங்கள். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததும் சொட்டு மருந்து விடச் சொல்லிவிடுவார்.