தாய்ப்பாலா பவுடர் பாலா: ஆட்டிசம் புள்ளைங்க வீட்டுக் கேள்வி பதில்

பால் குடி பத்தி கேள்வி கேளுங்கன்னு சொன்னதுக்கு இம்புட்டு வந்துருக்கு, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன். தெரியாதவங்களுக்கு: நான் ராமநாதபுரம் பக்கம் பச்சப்புள்ள வார்டுல நர்ஸு, தாய்ப்பால் ஆலோசனைதான் என் வேலைல பாதி. என் மூத்தவனுக்கு ஆட்டிசம், அதாவது மூளை வேற மாதிரி வளர்றதால பேசுறது, பழகுறது, தொடுதல் சத்தம் தாங்குறதெல்லாம் மத்த புள்ளைங்க மாதிரி இருக்காது. நான் டாக்டர் இல்ல, மாத்திரை அளவெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. பால், பவுடர், பாட்டில், எடை, பால் மறக்கடிக்கிறது, இதுல எது வேணா கேளுங்க.

பாம்பன் அம்மா: அக்கா, பையனுக்கு மூணு வயசு, போன மாசம் ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. பொறந்த மூணாவது வாரமே பால் பத்தலன்னு பவுடருக்குப் போயிட்டேன். "நீ டப்பாவைக் கரைச்சு ஊத்துனதாலதான் புள்ள இப்படி ஆயிருச்சு"ன்னு மாமியா தெருவெல்லாம் சொல்றாங்க. இப்ப வீட்டுக்காரரும் அதையே சொல்றாரு. நெசமா அக்கா?

இல்லத்தா. உன்னால வரல, பவுடரால வரல. இதை ரெண்டு தடவ படி, அப்புறம் உன் வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டு.

ஆட்டிசத்துக்கு பெரும்பங்கு காரணம் ஜீன். 2019-ல டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா அஞ்சு எடத்துலயும் சேத்து 20 லட்சம் புள்ளைங்களுக்கு மேல பாத்து ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஏறக்குறைய 80 சதவீதம் பரம்பரைன்னு கணக்கு வந்துச்சு. பரம்பரைன்னா ஒங்க அம்மா வழியா அவங்க அப்பா வழியான்னு அடுத்த சண்டைய ஆரம்பிச்சிராதீங்க, பல நூறு ஜீன் சம்பந்தப்பட்டது, யார் மேலயும் விரல் நீட்ட முடியாது. புள்ள வயித்துல இருக்கும்போதே மூளை அந்த மாதிரி வளர ஆரம்பிச்சிருது. நீ பவுடர் டப்பாவ தொறக்குறதுக்கு மாசக்கணக்குக்கு முன்னாடி.

சரி, ஆட்டிசம் இருக்க புள்ளைங்க தாய்ப்பால் கம்மியா குடிச்சிருக்காங்கன்னு சில ஆய்வு சொல்லுதே, அதைத்தான யாரோ வீடியோல பேசுறாங்கன்னு கேப்ப. அங்கதான் கவனிக்கணும். வார்டுல நான் தினம் பாக்குறதச் சொல்றேன். சில புள்ள மாருல வச்சதும் ரெண்டு இழுப்பு இழுக்கும், விட்டுரும். கன்னம் உள்ள குழியும், தாடை அசையும், ஆனா முழுங்குற சத்தம் கேக்காது. தொட்டா முதுகை வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு அழும். சில புள்ள பசிச்சாலும் அழவே அழாது, தூங்கிட்டே கெடக்கும். இந்த மாதிரி புள்ளைங்க எல்லாருக்கும் ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல, முக்காவாசி சரியாயிரும். ஆனா பின்னாடி ஆட்டிசம்னு தெரியவர்ற புள்ளைங்கள்ல சிலருக்கு சப்புறதுல, தொடுதல் தாங்குறதுல அப்பவே சிரமம் இருந்திருக்கும். புள்ள சரியா உறிஞ்சலன்னா பால் சுரக்குறது கொறையும், கொறஞ்சா அம்மா பவுடருக்குப் போவா. அப்ப எது முன்னாடி வந்துச்சு? புள்ளையோட சிரமம் முன்னாடி, பவுடர் பின்னாடி. பின்னாடி வந்ததை காரணம்னு சொல்றது அநியாயம்.

அம்மாவ பழி சொல்றது ஒங்க மாமியா கண்டுபிடிச்சதும் இல்ல. 1950, 60-கள்ல அமெரிக்காவுல புருனோ பெட்டல்ஹெய்ம் மாதிரி புள்ளைங்க மனசப் பத்தி எழுதுன பெரிய ஆளுங்களே "பாசம் இல்லாத, மனசு ஒறஞ்சு போன அம்மாவாலதான் ஆட்டிசம்"னு எழுதுனாங்க. எத்தன அம்மாமாரு அதைச் சுமந்துக்கிட்டு செத்தாங்களோ. 1964-ல பெர்னார்டு ரிம்லேண்டுன்னு ஒருத்தர், அவர் மகனுக்கே ஆட்டிசம், இது உடம்பு சம்பந்தப்பட்டது அம்மா வளப்பு இல்லன்னு புத்தகம் போட்டு அடிச்சாரு. அன்னைக்கு பாசம் இல்லன்னாங்க, இன்னைக்கு பால் இல்லங்குறாங்க.

பவுடர் இல்லாம இருந்திருந்தா ஒன் புள்ள எடை ஏறாம ஆஸ்பத்திரில கெடந்திருக்கும். நீ புள்ளைக்கு சோறு போட்ட. அவ்வளவுதான்.

கீழக்கரை தங்கச்சி: அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. குர்ஆன்ல சொல்லியிருக்க மாதிரி முழுசா ரெண்டு வருசம் பால் குடுத்தேன், ஒரு சொட்டு பவுடர் இல்ல. ஆனாலும் மகளுக்கு ஆட்டிசம். அப்ப எதுக்கு குடுக்கணும்?

வ அலைக்கும் ஸலாம். மேல பாம்பன் தங்கச்சிக்குச் சொன்னதுக்கு நீயே சாட்சி. தாய்ப்பால் ஆட்டிசத்துக்குத் தடுப்பு மருந்து இல்ல, அப்படி எவனாவது சொன்னா நம்பாத. ஆனா வயித்துப்போக்கு, சளிக்காய்ச்சல், காதுல சீழ் இதெல்லாம் கொறையும், ஒனக்கு மார்புப் புத்துநோய் வாய்ப்பும் கொறையும். உலக சுகாதார நிறுவனமும் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோட ரெண்டு வருசமும் அதுக்கு மேலயும்னுதான் சொல்லுது. நீ குடுத்தது வீண் போகல.

சாயல்குடி: பவுடர் பால் எந்தத் தண்ணில கரைக்கிறது சிஸ்டர், போர் தண்ணிய நல்லா கொதிக்க வச்சா போதும்ல?

போதாது! இதை எப்ப கேட்டாலும் சொல்லிக்கிட்டே இருப்பேன். நம்ம கடக்கரைல போர் தண்ணி உப்பு. கொதிக்க வச்சா கிருமி சாகும், உப்பு சாகாது, தண்ணி ஆவியாகிப் போக மிச்சத்துல உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். பச்சப்புள்ள கிட்னிக்கு அம்புட்டு உப்ப வெளிய தள்ளத் தெரியாது. காவிரித் தண்ணி வந்தா அதைப் புடிச்சு தனியா வைங்க, இல்லன்னா நல்ல கேன் தண்ணி, அதையும் கொதிக்க வச்சு. கொதிச்சு எறக்கி அரை மணிக்குள்ள, சூடு நல்லா இருக்கும்போதே பவுடரப் போட்டுக் கலக்கணும், ஏன்னா பவுடர்லயும் கிருமி இருக்கலாம். அப்புறம் ஆறவச்சு, மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்துக் குடுங்க. டப்பா சீக்கிரம் தீந்துருதுன்னு தண்ணிய கூட ஊத்தாதீங்க, புஷ்டியா வரட்டும்னு பவுடரையும் கூடப் போடாதீங்க, டப்பால என்ன அளவு போட்டிருக்கோ அதான். கரைச்சு ரெண்டு மணி நேரம் தாண்டுனா கீழ ஊத்திருங்க. பாட்டில விட டம்ளரோ பாலாடைச் சங்கோ நல்லது, கழுவ சுளுவு.

பேர் வேண்டாம்: பவுடர் பால் குடுத்தா ஆட்டிசம் வருமா?

மேல பாம்பன் அம்மாவுக்கு பதில் இருக்கு.

தேவிபட்டினம்: மூத்தவனுக்கு ஆட்டிசம், இப்ப ஆறு மாச கர்ப்பம். இதுக்காச்சும் பவுடர் தொடாம வளத்தா வராதுல்ல அக்கா?

வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்த்தா. மூத்ததுக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்ததுக்கு வர்ற வாய்ப்பு ஏறக்குறைய அஞ்சுல ஒன்னுன்னு சொல்றாங்க. அதாவது அஞ்சுல நாலு வராது, அதையும் மனசுல வையி. பால் அந்தக் கணக்க மாத்தாது. நீ செய்யக்கூடியது கவனிக்கிறது. ஒம்போது மாசத்துல பேரச் சொன்னா திரும்புறானா, ஒரு வயசுல டாட்டா காட்டுறானா, ஒன்றரை வயசுக்குள்ள "அங்க பாரு"ன்னு விரல் நீட்டி ஒனக்குக் காட்டுறானா. இல்லன்னா "ஆம்பளப்புள்ள லேட்டாத்தான் பேசும்"னு ஒக்காந்துராத. அங்கன்வாடிக்குப் புள்ளைங்கள சோதிக்க வர்ற ஆர்பிஎஸ்கே (அரசு குழந்தை நலத் திட்டம்) டாக்டர்கிட்ட காட்டு, அவங்க வளர்ச்சிக் குறைய சீக்கிரமே கண்டு பயிற்சி குடுக்குற மாவட்ட டிஇஐசி மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, காசு இல்ல.

ஏர்வாடி: தெருவுல கழுதப்பால் வருது, ஒரு சங்கு குடுத்தா புத்தி தெளியும் பேச்சு வரும்னு சொல்றாங்க.

குடுக்காதீங்க. காய்ச்சாத பால், பச்சப்புள்ளைக்கு வயித்துப்போக்குதான் வரும். பொறந்ததும் சேனைன்னு தேன், சீனித்தண்ணி தொட்டு வைக்கிறதும் வேண்டாம், ஒரு வயசுக்கு முன்னாடி தேன் கூடவே கூடாது. சீம்பாலப் பீச்சிக் கீழ விடாதீங்க.

உச்சிப்புளி டீச்சர்: சிஸ்டர், பால் ஊறணும்னு எங்க பக்கம் பால் சுறா புட்டு செஞ்சு குடுக்குறாங்க. சுறாவுல பாதரசம் இருக்கு, அது தாய்ப்பால் வழியா போயி ஆட்டிசம் வருதுன்னு படிச்சேன். தடை பண்ணணும்.

தங்கச்சிமடம் அண்ணன்: டீச்சரம்மா, எங்க ஆத்தா எட்டு பேரு பெத்தா, எட்டுக்கும் சுறாப்புட்டு தின்னா, எங்க யாருக்கும் ஒன்னும் இல்ல. ஏற்கனவே டீசல் வெலையில நொந்து போயிருக்கோம், இதுல மீனத் தின்னா புள்ளைக்கு ஆட்டிசம்னு வேற கெளப்பி விட்டா எவன் மீன் வாங்குவான்?

உச்சிப்புளி டீச்சர்: அண்ணே, ஒங்க வீட்ட மட்டும் வச்சு அறிவியல் பேச முடியாது.

தங்கச்சிமடம் அண்ணன்: மதுரையில மீனே திங்காத வீட்டுலயும் தான் ஆட்டிசம் இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?

ரெண்டு பேரும் நிறுத்துங்க, மத்த கேள்வி நின்னு போச்சு. டீச்சர், பெரிய வேட்டை மீனுல பாதரசம் சேரும், அது உண்மை. பெரிய சுறா, பெரிய சூரை, மயில்மீன் இதையெல்லாம் கர்ப்பத்துலயும் பால் குடுக்கும்போதும் அடிக்கடி திங்க வேண்டாம்னு நானே சொல்லுவேன். ஆனா அதனால ஆட்டிசம் வருதுங்குறது வேற பேச்சு. நம்ம இந்துமாக்கடல்லயே செஷல்ஸ்னு ஒரு தீவு நாடு, தினமும் மீன் திங்கிற ஜனம். அங்க கர்ப்பிணிகளோட முடியில பாதரசம் எம்புட்டுன்னு அளந்து, புள்ளைங்கள வருசக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. ஆட்டிசம் மாதிரி நடத்தைக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு 2013-ல எழுதுனாங்க. அண்ணே சொன்னதுல மதுரை பாயிண்டு சரி, ஆத்தா பாயிண்டு செல்லாது.

பால் சுறா சின்ன சாதி, பெரிய சுறா அளவுக்கு அதுல சேராது. ஆனா பால் ஊறும்னு நிரூபணம் கெடையாது. பால் ஊற ஒரே வழி, புள்ள அடிக்கடி குடிச்சு மாரு காலியாகுறது, புள்ள குடிக்கலன்னா கையால பீச்சி காலி பண்றது. ராத்திரிலயும். சுறாப்புட்டு ஆசைக்கு எப்பயாச்சும் தின்னுங்க, தினசரிக்கு சூடை, நெத்திலி, காரல் போதும், வெலையும் கம்மி, புள்ள மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அதுல இருக்கு. தடை கிடை ஒன்னும் வேண்டாம்.

தங்கச்சிமடம் அண்ணன்: அப்ப சூடை வாங்கச் சொல்லுங்க, அது பாட்டுக்கு வந்து கெடக்கு.

வாங்குங்க எல்லாரும். அடுத்தது.

மண்டபம்: மகனுக்கு நாலு வயசு, ஆட்டிசம். பாட்டில் பால் மட்டுமே, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். சோத்தக் கண்டா ஓங்கரிக்கிறான். மூக்கப் புடிச்சு ஊத்துனா முழுங்குறான், அப்படிச் செய்யலாமா?

மூக்கப் புடிச்சு ஊத்தாதீங்க, தயவு செஞ்சு. மூச்சுக்குழாயில போயிரும், தப்பிச்சாலும் சாப்பாடுன்னாலே பயம் வந்துரும். முதல்ல ரத்தம் பாருங்க. பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, அரை லிட்டருக்கு மேல போனா பசியும் போகும், இரும்பும் ஏறாது, புள்ள வெளுத்துப் போயிருப்பான். காய் பழம் ஒன்னும் தொடாத புள்ளைக்கு ஈறுல ரத்தம் கசிஞ்சாலோ கால் வலின்னு நடக்க மாட்டேன்னு அடம் புடிச்சாலோ வைட்டமின் சி இல்லாத ஸ்கர்வியா இருக்கலாம், டாக்டர்கிட்ட அதைச் சொல்லிக் கேளுங்க, இந்தக் காலத்துல யாரும் அதை முதல்ல நெனைக்க மாட்டாங்க. பாட்டில ஒரே நாள்ல புடுங்காதீங்க. அதே பாட்டில், அதே எடம், அதே நேரம், பால மட்டும் கொஞ்சங் கொஞ்சமா கொறச்சுக்கிட்டே வாங்க, ராத்திரி பாட்டில கடைசியா தொடுங்க. பக்கத்துல ஒரு தட்டுல அவனுக்குத் தொட்டா புடிக்கிற மாதிரி ஒன்னு, முறுக்கோ அப்பளமோ, மொறுமொறுன்னு இருந்தா பல புள்ளைங்க தொடும். தொட்டா போதும், மோந்தா போதும், "சாப்புடு சாப்புடு"ன்னு சொல்லாதீங்க. வாரக்கணக்குல ஆகும். டிஇஐசியில பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்ககிட்ட சப்பி முழுங்குறதையும் பாக்கச் சொல்லுங்க.

தொண்டி: தடுப்பூசியாலதான் ஆட்டிசம்னு...

இல்ல. அதைக் கெளப்புன 1998 கட்டுரைய, அதைப் போட்ட லான்செட்ங்குற மருத்துவப் பத்திரிகையே 2010-ல வாபஸ் வாங்கிருச்சு. ஊசி போடுங்க.

திருப்புல்லாணி: பால், கோதுமை ரெண்டையும் நிறுத்துனா பேச்சு வரும்னு ஒரு சென்டர்ல 18 மாசப் புள்ளைக்குச் சொல்லி, அவங்ககிட்டயே ஒரு பவுடர் வாங்கச் சொல்றாங்க.

பேச்சு வரும்னு தெளிவான ஆதாரம் கெடையாது. 18 மாசத்துல பால நிறுத்துனா எலும்புக்கு கால்சியம் எங்கேருந்து வரும்? பால் ஒத்துக்கலன்னு டாக்டர் சோதிச்சுச் சொன்னா மட்டும் நிறுத்துங்க. பொருள் விக்கிறவங்க குடுக்குற ஆலோசனைய அப்படியே எடுக்காதீங்க. அதே மாதிரி பிரசவ ஆஸ்பத்திரில யாராச்சும் பால் பவுடர் டப்பாவ இலவசமா கையில திணிச்சா அது பால் பவுடர் விக்கிறதக் கட்டுப்படுத்துற 1992 சட்டப்படி குத்தம், தெரிஞ்சுக்கங்க.

பேர் வேண்டாம்: அக்கா எனக்கே சின்ன வயசுல இருந்து தொடுதல், சத்தம் தாங்காது, எனக்கும் ஆட்டிசம்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. புள்ள மாருல வாய் வச்சா உடம்பெல்லாம் கூசி அவன தூக்கி எறியணும் போல வருது. நான் கெட்ட அம்மாவா?

கெடையவே கெடையாது. ஒன் நரம்பு அப்படி, அதுக்கும் பாசத்துக்கும் சம்பந்தம் இல்ல. இருட்டு ரூம், ஃபேன் சத்தம் மட்டும், தோள்ல கனமான துண்டு, வேற யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிப் பாரு, சிலருக்கு அது போதும். இல்லன்னா பீச்சி டம்ளர்ல குடு. அதுவும் முடியலன்னா பவுடர், மனசு நோகாம. நீ நிலையா இருந்தாத்தான் புள்ள நிலையா இருக்கும். எறியணும்னு வர்ற நேரம் புள்ளைய பாயில படுக்க வச்சுட்டு அஞ்சு நிமிசம் வெளிய போயிட்டு வா, அழுதா அழட்டும். அந்த எண்ணம் அடிக்கடி வந்தா இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட பேசு, 14416-க்கு போன் பண்ணு, காசு இல்ல.

பெரியபட்டினம்: வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்புடுறேன், அடுத்த புள்ளைக்கு...

கர்ப்பத்துல அந்த மாத்திரை ஆட்டிசம் வாய்ப்பக் கூட்டும்ங்குறது உண்மை. ஆனா நீங்களா நிறுத்துனா வலிப்பு வந்து உசுருக்கே ஆபத்து. கர்ப்பத்துக்கு முன்னாடியே நரம்பு டாக்டரப் பாருங்க, அவர் மாத்தித் தருவாரு.

முதுகுளத்தூர்: தாய்ப்பால் பத்தாம பவுடர் குடுத்தேன், அதனாலயா...

இல்ல. இல்லவே இல்ல. மேல இருக்கு, இனிமே இதுக்கு நான் பதில் எழுத மாட்டேன், பாம்பன் அம்மாவுக்கு எழுதுனதையே ஒங்க ஒவ்வொருத்தருக்கும் எழுதுனதா எடுத்துக்கங்க.

வாலிநோக்கம்: மூத்த பொண்ணுக்கு ஆட்டிசம். இளையவன் பொறந்து ஆறு வாரம், குடிக்கும்போது வாயோரமா பால் வழியுது, தூங்கிக்கிட்டே இருக்கான், ஒரு நாளைக்கு மூணு தடவதான் ஒன்னுக்குப் போறான். இவனுக்கும் ஆட்டிசமா?

ஆட்டிசமான்னு ஆறு வாரத்துல யாராலயும் சொல்ல முடியாது, இப்ப அது பேச்சும் இல்ல. ஆறு தடவைக்குக் கொறயாம ஒன்னுக்குப் போகணும், மூணுன்னா பால் உள்ள போகல. காலைல வரைக்கும் இருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. போற வழியில பீச்சி பாலாடையில கொஞ்சங் கொஞ்சமா குடுங்க, முழிச்சிருக்கும்போது மட்டும். எழுப்பியும் எந்திரிக்கலன்னா 108-க்கு அடிங்க. எடை போட்ட சீட்டு, தடுப்பூசி அட்டை ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க, போனதும் என்ன எடைன்னு எனக்குப் போடுங்க.